மைதானம், அலுவலகம், ஏலக்கூடம்: மும்பை கிரிக்கெட்டில் பெயர்ப் பட்டியலின் வரலாறு

2024 டிசம்பர் 15 அன்று பெங்களூரில் நடைபெற்ற மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையுடன் அறிவிக்கப்பட்ட சிம்ரன் ஷேக்கை குஜராத் ஜெயண்ட்ஸ் அணி 1 கோடியே 90 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. அன்றைய ஏலத்தின் மிக உயர்ந்த விலை அதுவே. தாராவியின் சந்துகளில் பையன்களோடு பந்தாடி வளர்ந்தவர் சிம்ரன். அதே நாளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது ஜி. கமலினியை மும்பை இந்தியன்ஸ் 1 கோடியே 60 லட்சத்திற்கு எடுத்தது. தாராவிப் பெண் குஜராத்தின் பெயர் தாங்கிய அணிக்கும், தமிழ்நாட்டுப் பெண் மும்பையின் பெயர் தாங்கிய அணிக்கும் சென்றனர். குடிசைப் பகுதியிலிருந்து கோடிக்கு என்ற தலைப்பில் செய்தித்தாள்கள் முதலாமவரைக் கொண்டாடின.

அந்தத் தலைப்புக்குள் அடங்காத வரிசை ஒன்று உண்டு. 2023 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் இதே சிம்ரனை யு.பி. வாரியர்ஸ் 10 லட்சத்திற்கு எடுத்திருந்தது. அந்தப் பருவத்தில் 9 ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் 29. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஏலத்தில் அவரை எவரும் எடுக்கவில்லை. அடுத்த டிசம்பரில் 1 கோடியே 90 லட்சம். 2025 நவம்பரில் அணிகள் தம் தக்கவைப்புப் பட்டியலை வெளியிட்டபோது, குஜராத் அணி ஆஷ்லி கார்ட்னர், பெத் மூனி ஆகிய இருவரை மட்டுமே வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே பெயர் எழுதப்பட்டது, அடிக்கப்பட்டது, பெருந்தொகையோடு மீண்டும் எழுதப்பட்டது, மறுபடி அடிக்கப்பட்டது.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எண்ணுகிறது. ஓர் அணியின் பெயர்ப் பட்டியலை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது, பட்டியலில் இருப்பவருக்கு அதில் என்ன சொல்லுரிமை இருந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. மும்பை இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டில் மூன்று விடைகளைக் கண்டுள்ளது: பிறப்பு, வேலை, விலை.

முதல் விடை பிறப்பு. பம்பாயின் மாபெரும் போட்டி 1907இல் மும்முனைப் போட்டியாகவும் 1912இல் நான்முனைப் போட்டியாகவும் 1937இல் ஐம்முனைப் போட்டியாகவும் விரிந்தது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், பின்னர் ஏனையோர் என்று அணிகள் சமயத்தாலும் சமூகத்தாலும் வகுக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டில் ஆட்டக்காரர் அணி மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த அணிக்கு ஆடுவது என்பதைத் தொட்டிலே தீர்மானித்துவிட்டது.

ஆனால் ஒரே அணிக்குள்ளும் பட்டியல் சமமாக எழுதப்படவில்லை என்பதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை சான்று. தலித் குடும்பத்தில் பிறந்த இந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டது; அவருடைய தலைமையை அவ்வணி ஏற்கவில்லை. தேநீர் இடைவேளையில் தனிக் குவளையில் தேநீர் தரப்பட்ட மனிதர் அவர். பல ஆண்டுக்காலப் போராட்டத்திற்குப் பின்னரே, 1923இல், அவருடைய தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். பிறப்பால் எழுதப்பட்ட பட்டியலில் திறமைக்கு இடம் இருந்தது. ஆனால் அந்த இடத்தின் உயரத்தைச் சாதியே அளந்தது. வகுப்புவாரி ஆட்டத்திற்கு எதிரான குரல்கள் வலுத்த பின்னணியில் 1946ஓடு ஐம்முனைப் போட்டி நின்றது.

இரண்டாவது விடை வேலை. டைம்ஸ் கேடயம் என்று நகரம் அழைத்த அலுவலகங்களுக்கிடையேயான போட்டி 1930களிலேயே தொடங்கியிருந்தது. வகுப்புவாரிப் போட்டி மறைந்தபின் அதன் எடை கூடியது. வங்கிகள், ரயில்வே, துணி ஆலைகள், சிமெண்ட் நிறுவனங்கள், டாட்டா, மஃபத்லால், நிர்லான் முதலிய பெயர்கள் மைதானத்தில் மோதின. பாரத ஸ்டேட் வங்கி அஜித் வாடேகருக்கும், நிர்லான் சுனில் கவாஸ்கருக்கும், மஃபத்லால் அசோக் மன்கடுக்கும் ஏக்நாத் சோல்கருக்கும் இடமளித்தன. ஆட்டக்காரர் நிறுவனத்தின் ஊழியர். மாதச் சம்பளம் உண்டு. ஆட்டத்திற்கு விடுப்பு உண்டு. ஆட்டம் ஓய்ந்த பின்னும் மேசையும் ஓய்வூதியமும் அவருக்கு இருந்தன.

இங்கே ஆட்டக்காரர் இடம் மாறலாம். ஒரு நிறுவனத்தில் எழுத்தர் பணி, மற்றொன்றில் அதிகாரி நிலை, இன்னொன்றில் குடியிருப்பு என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சேரலாம். இன்று ரசிகர்கள் அணிமாற்ற ஊகங்களைப் பேசுவதுபோல, அன்று எந்த நிறுவனம் யாரை இழுக்கப் பார்க்கிறது என்பதும் மைதான ஓரத்துப் பேச்சுதான். ஆனால் அந்தப் பேரத்தில் ஆட்டக்காரரும் ஒரு தரப்பு. விண்ணப்பிப்பதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தன. இந்து ஜிம்கானாவின் மைதானப் பணியாளரின் மகனாகப் பிறந்து இந்திய அணியின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவரான சோல்கருக்கு இந்த ஏற்பாடு தந்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது.

இருப்பினும் இந்த வாசலும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள மாட்டுங்காவையும் தாராவியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். மத்திய ரயில்பாதையின் கிழக்கே மாட்டுங்கா; மேற்கே, மத்திய, மேற்கு ரயில்பாதைகளுக்கு நடுவே தாராவி. இரண்டும் தமிழர் குடியேறிய இடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலக் கல்வியோடு வந்த எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் கணக்கர்களும் மாட்டுங்காவில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்கு உருவானது. மாட்டுங்காவின் தட்கர் மைதானத்தில் தாதர் யூனியன் சங்கம் ஆடியது. மாதவ் மந்திரி, வாசு பராஞ்ச்பே, கவாஸ்கர், வெங்சர்க்கர் ஆகியோர் அச்சங்கத்தின் பெயரோடு இணைந்தவர்கள்.

தோல் கிடங்குக்கு டைம்ஸ் கேடய அணி கிடையாது. அலுவலகக் கிரிக்கெட்டின் பட்டியலில் ஏற முதலில் அலுவலகத்தின் பட்டியலில் ஏற வேண்டும். அதற்குப் பள்ளியும் கல்லூரியும் மைதானமும் வேண்டும். இவை ரயில்பாதையின் ஒரு பக்கத்தில் செறிந்திருந்தன. அலுவலக வேலையே அரசியல் போர்க்களமாகவும் மாறியது. 1966 ஜூன் 19 அன்று தொடங்கப்பட்ட சிவசேனை, மும்பை அலுவலகங்களில் தென்னிந்தியர் மிகுதியாக இருப்பதாகக் கூறியே தன் தொடக்ககாலப் பிரசாரத்தை நடத்தியது. நகரத்தில் வேலைப் பட்டியல் என்பது எக்காலத்திலும் வெறும் நிர்வாக ஆவணமாக இருந்ததில்லை.

பெண்களின் நிலையில் இந்த வாசல் இன்னும் ஒடுக்கமானது. 1973இல் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் உருவானது. 2006இல்தான் மகளிர் ஆட்டம் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வீராங்கனைகளுக்குப் பெரிய அளவில் வேலை தந்த நிறுவனம் ரயில்வே. மேற்கு ரயில்வேயில் பணியாற்றிய டயானா எடுல்ஜி இதற்காக விடாது உழைத்தார். தேசிய மகளிர் போட்டிகளில் ரயில்வே அணி ஆண்டுக்கணக்கில் கோலோச்சியதன் காரணம் இதுவே. ஒரே முதலாளி இருந்ததால் பேரம் பேச இடமில்லை. ஆயினும் கிடைத்த வேலை நிலையானது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தம் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்களைப் பாதித்தது. அதன்பின் மும்பையின் துணி ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றத்தில் நிரந்தர வேலை என்ற கருத்தே சுருங்கியது. அலுவலகக் கிரிக்கெட்டின் அடித்தளமும் அதனோடு சுருங்கியது. மூன்றாவது விடை அந்த வெற்றிடத்தில் வந்தது.

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையின் நட்சத்திர விடுதி ஒன்றில் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் நடந்தது. மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதே ஆண்டு பலராலும் மறக்கப்பட்ட இன்னொரு நிகழ்வும் நடந்தது. மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்ற இந்திய இளைஞர்களை ஏலத்தில் விடாமல், அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்தன. டெல்லிக்காரரான விராட் கோலியை டெல்லி அணி எடுக்கவில்லை. பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குச் சென்றார். பின்னாளில் அவரும் அந்நகரமும் ஒன்றாகவே பேசப்படும் அளவுக்குப் பிணைப்பு உருவாயிற்று. அந்தப் பிணைப்பின் தொடக்கம், அவருடைய விருப்பம் கேட்கப்படாத ஒரு தெரிவு.

இந்த முறைவைத் தெரிவுக்கு மூல வடிவம் அமெரிக்க விளையாட்டில் உள்ளது. அங்கே டிராஃப்ட் எனப்படும் ஏற்பாட்டைத் தொழில்முறை பேஸ்பால் 1965இல் ஏற்றது. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிகளுக்கு இளம் வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை தந்து அணிகளைச் சமநிலைப்படுத்துவது அதன் நோக்கம். ஆனால் அதற்கு மிக முன்பே, 1879 முதல், ரிசர்வ் விதி என்ற ஒன்று பேஸ்பாலில் வேரூன்றியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரர் அதே அணிக்கே உரியவர். அணி விரும்பினால் அவரை விற்கலாம், மாற்றலாம், விலக்கலாம். அவர் மட்டும் தன் விருப்பப்படி வேறிடம் செல்ல இயலாது.

இவ்விதியை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் இந்தக் கறுப்பின வீரர் ஆண்டுக்கு 90,000 டாலர் ஊதியம் பெற்றவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவர் செல்ல மறுத்தார். தாம் வாங்கவும் விற்கவும் கூடிய உடைமை அல்லர் என்று அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு ஊதியம் பெறுபவர் அடிமைத்தனம் பற்றிப் பேசலாமா என்ற கேலிக்கு அவருடைய விடை தெளிவானது: ஊதியத்தின் அளவு உரிமையின்மையை மறைத்துவிடாது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. எனினும் மார்வின் மில்லர் தலைமையிலான வீரர் சங்கம் தளரவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணியுடன் பேசலாம் என்ற வழியைத் திறந்தது. இன்று அமெரிக்காவில் அணிமாற்ற ஊகங்கள் ஆண்டு முழுதும் பேசப்படுகின்றன என்றால், அவற்றின் அடியில் ஒரு தொழிற்சங்கத்தின் வரலாறு இருக்கிறது.

இந்தியாவில் ஊகங்கள் வந்தன, சங்கம் வரவில்லை. 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. இதன் பொருள் என்ன என்பதை ரவீந்திர ஜடேஜாவின் பயணம் காட்டுகிறது. ராஜஸ்தான் அணியுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் நேரடியாகப் பேசினார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஜடேஜா 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை சென்றார். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு ஈடாக ராஜஸ்தானுக்கே மாற்றப்பட்டார். அணிகள் தமக்குள் பேசினால் அது பரிமாற்றம்; வீரர் தாமே பேசினால் அது விதிமீறல். பரிமாற்றத்திற்காவது வீரரின் ஒப்புதல் தேவை. ஏலத்தில் சுத்தியல் விழும்போது அக்கேள்வியே எழுவதில்லை. பெயரைப் பதிவு செய்ததே ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது.

பெரும் பெயர்களுக்கு இது தாங்கக்கூடிய இழப்பு. பட்டியலின் அடிவரிசையில் இருப்பவருக்கோ இதுவே வாழ்க்கை. மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளும் 2023 ஜனவரியில் 4,669.99 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. முதல் பருவத்தில் வீராங்கனைகளுக்கென ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய உச்சவரம்பு 12 கோடி. ஐந்துக்கும் சேர்த்து 60 கோடி. அந்த முதல் ஏலம் பாந்திரா-குர்லா வளாகத்தில் நடந்தது. மித்தி ஆற்றின் ஒரு பக்கம் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் தாராவி. ஸ்மிருதி மந்தனாவின் பெயருக்கு 3 கோடியே 40 லட்சம் சொல்லப்பட்ட அதே கூடத்தில்தான் சிம்ரனின் பெயருக்கு 10 லட்சம் சொல்லப்பட்டது.

கமலினியின் எண்களும் கவனத்திற்குரியவை. 1 கோடியே 60 லட்சத்திற்கு எடுக்கப்பட்ட அவரை 2025 நவம்பரில் மும்பை அணி தக்கவைத்துக்கொண்டது. சர்வதேச ஆட்டம் ஆடாதவருக்கு விதிகள் வகுத்த தக்கவைப்புத் தொகை 50 லட்சம். ஓராண்டு நன்றாக ஆடி அணியின் நம்பிக்கையைப் பெற்ற இளம்பெண்ணின் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. தக்கவைக்கப்பட்டவருக்கு விலை குறைந்தது. விலை கூடியவர் தக்கவைக்கப்படவில்லை. ஏல விலையைத் திறமையின் அளவுகோலாகப் படிப்பவர்கள் இவ்விரு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அணியின் கையிருப்பு, அன்றைய தேவை, எதிர் அணியின் பிடிவாதம், விதிகளின் அமைப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அந்த எண்.

இதனால் ஏலத்தை முற்றாக நிராகரிப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. பிறப்பின் பட்டியலில் தாராவிப் பெண்ணுக்கு இடமே இருந்திராது. அலுவலகத்தின் பட்டியலில் அவர் ஏறுவதற்குப் பல படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் ஒரு காவலர் நின்றிருப்பார். ஏலக்கூடம் குலம் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. ஒரே மாலையில் அது தந்த தொகை, எழுத்தர் ஒருவர் பணிக்காலம் முழுதும் ஈட்டக்கூடியதற்கு நிகரானது. இந்த உண்மையைக் கூறாமல் அலுவலகக் காலத்தைப் பொற்காலமாக வரைவது மாட்டுங்காவின் நினைவை மட்டும் மும்பையின் நினைவாக்கிவிடும். ஆனால் எழுத்தரின் பட்டியல் மறுநாளும் அவர் பெயரை வைத்திருந்தது. ஏலத்தின் பட்டியல் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. கதவைத் திறந்த ஏற்பாடு தரையை அமைக்கவில்லை.

தாராவிக்கு இக்கேள்வி விளையாட்டோடு முடிவதில்லை. குஜராத் ஜெயண்ட்ஸ் அணியின் உரிமையாளரான அதானி குழுமமே, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஒப்பந்தப்புள்ளி மூலம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தையும் பெற்றது. அத்திட்டத்திலும் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய்க்கு வீடு. மேல்தளத்தில் வாழ்பவர்களுக்கும் பின்னர் வந்தவர்களுக்கும் வாடகை வழியிலான ஏற்பாடு. வீட்டையும் ஆட்டத்தையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு துறைகள், வேறு வேறு விதிகள். ஆயினும் பட்டியலை எழுதுபவர் ஒருவர், பட்டியலில் தம் பெயரைத் தேடுபவர் மற்றொருவர் என்ற உறவு இரண்டிலும் ஒன்றே. மூன்று தலைமுறையாகத் தோலும் மண்ணும் துணியும் கொண்டு அந்நிலத்தை உருவாக்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த உறவு புதிதன்று.

கர்ட் ஃப்ளட்டின் வழக்கு தோற்றபின் மூன்றே ஆண்டுகளில் அவர் கேட்ட உரிமை பிறருக்குக் கிடைத்தது. நீதிமன்றத்தில் தனியொருவராக நின்றவருக்குக் கிடைக்காதது, சங்கமாகப் பேசியவர்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் அத்தகைய சங்கம் ஒன்று அமையும்போது, அது முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை கோடிகளை உயர்த்துவது குறித்ததாக இராது. 10 லட்சத்திற்கு எடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு எவராலும் எடுக்கப்படாத ஒருவருக்கு, அந்த ஆண்டைக் கடக்க எது கையில் இருக்கும் என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது. சிம்ரன் ஷேக் 2023 டிசம்பருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே அந்த ஓராண்டைக் கடந்து மீண்டார். கடக்க முடியாமல் போனவர்களின் பெயர்களை எந்த அணியும் வெளியிடுவதில்லை. அவற்றைத் தேடி எழுதுவது வரலாற்று ஆய்வாளரின் பணி.